கடல் பச்சையானது எதனால்? ஒரு கேள்வி, பல காரணங்கள்

2019 செப்டம்பரில் ஒரு நாள், நாளிதழில் வந்த ஒரு படத்தை வெட்டி எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போனேன். மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சை மை கரைத்ததுபோல் இருந்தது. கரையில் மீன்கள் செத்து ஒதுங்கியிருந்தன. பாடப்புத்தகத்தில் நீர் மாசுபாடு நடத்திக்கொண்டிருந்த நேரம். இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது என்று நினைத்தேன். கரும்பலகையில் ஒரே வரியில் எழுதினேன்: வயலில் உரம் → மழைநீர் → ஆறு → கடல் → பாசிப் பெருக்கம் → மீன்கள் இறப்பு.

அம்புக்குறிகள் அழகாக இருந்தன. எங்கள் ஊரையும் அதில் இணைத்தேன். 2025-இல் ஒரு காணொளியால் தமிழ்நாடு முழுவதும் பெயர் தெரிந்துவிட்ட கூமாப்பட்டிதான் எங்கள் ஊர். மேற்கே பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள். அந்த நீர் அர்ச்சுனா நதியாக ஓடி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலந்து, தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. "நம்ம வயல் உரமும் அங்கதான் போகுது" என்று முடித்தேன்.

இரண்டு கைகள் உயர்ந்தன.

"டீச்சர், பாசி பகல்ல ஆக்சிஜன் விடும்னு நீங்கதான சொன்னீங்க? பாசி கூடுனா ஆக்சிஜனும் கூடணும்ல? அப்புறம் மீன் எப்படிச் செத்துச்சு?"

"டீச்சர், இப்ப ஆத்துல தண்ணியே இல்லையே. எங்க ஐயா போட்ட உரம் எப்படிக் கடலுக்குப் போச்சு?"

இரண்டாவது கேள்வியைக் கேட்ட மாணவனின் தந்தை நெல் விவசாயி. வகுப்பில் பாதிப் பேர் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். தெரியாமலே நான் ஒரு குற்றச்சாட்டைச் சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று என்னிடம் சரியான விடை இல்லை. பின்னர் தேடிப் படித்ததையும், அதன்பின் இந்தப் பாடத்தை நடத்தும் முறையை மாற்றிக்கொண்டதையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மண்டபம் கடலில் நடந்தது

2019 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட தீவுப் பகுதியில் பெருகியது நாக்டிலூகா சிண்டிலன்ஸ் என்னும் ஒரு செல் உயிரி. அப்பகுதியில் இதைப் பூங்கோரை என்கிறார்கள். 2008 அக்டோபரிலும் மன்னார் வளைகுடாவில் இதே உயிரி பெருகிக் கடல் பச்சையானது; அப்போதும் மீன்கள் இறந்தன.

மாணவர்களுக்கு இந்த உயிரியை அறிமுகப்படுத்த ஓர் எளிய வழி உண்டு. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததைப் பலரும் கைப்பேசியில் பார்த்திருப்பார்கள். நீர் அசையும்போது அப்படி ஒளிர்வது நாக்டிலூகாவின் இயல்பு. இரவில் அழகாக ஒளிரும் அதே உயிரி, அளவு மீறினால் பகலில் கடலைப் பச்சையாக்கி மூச்சுத் திணற வைக்கிறது.

இங்கே சொல் குறித்து ஒரு தெளிவு தேவை. தமிழில் பாசி என்ற ஒரே சொல்லைப் பலவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி போன்றவை கண்ணுக்குத் தெரியும் பெரிய கடற்பாசிகள். அவை அவர்களின் வாழ்வாதாரம். நாம் பேசும் பெருக்கம் அதுவன்று. நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளின் பெருக்கம் இது. அதிலும் நாக்டிலூகா முழுமையான தாவரமும் அன்று. டயட்டம் போன்ற நுண்பாசிகளையும் மீன் முட்டைகளையும் விழுங்கி வாழும். வெப்பக் கடல்களில் காணப்படும் ஒரு வகை, தன் உடலுக்குள்ளேயே பச்சை நிற நுண்பாசிகளை வைத்து வளர்க்கிறது. கடலுக்குப் பச்சை நிறம் தருவது இந்த வகை. தாவரம், விலங்கு என்று உயிர்களை இரண்டாகப் பிரித்துப் பழகிய மாணவர்களுக்கு இதுவே ஒரு நல்ல பாடம்.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் 2019-இல் நீருக்குள் இறங்கிப் பார்த்தார்கள். சிங்கிள் தீவருகே கரைந்த ஆக்சிஜன் ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது. நம் பகுதிக் கடல்நீரில் இயல்பாக 6 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டியது அது. ஓடித் தப்ப முடிந்த மீன்கள் தப்பின. இடம்பெயர முடியாத பவளங்கள், குறிப்பாக வேகமாக வளரும் அக்ரோபோரா, மாண்டிபோரா, பொசிலோபோரா வகைகள் வெளிறி இறந்தன.

முதல் கேள்வி: ஆக்சிஜன் எங்கே போனது?

மாணவியின் ஐயம் நியாயமானது. பாசி பகலில் ஆக்சிஜன் தருவது உண்மை. ஆனால் ஒளிச்சேர்க்கை பகலில் மட்டும் நடக்கும். சுவாசம் இரவும் பகலும் நடக்கும். பாசி அடர்ந்த நீரில் மாலையில் ஆக்சிஜன் மிகுந்திருக்கும். இரவு முழுவதும் பாசியும் மீனும் பாக்டீரியாவும் அதைச் செலவிடும். விடியும் நேரத்தில் இருப்பு மிகக் குறைந்திருக்கும்.

இதை நான் விளக்கியபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் சொன்னான்: "நம்ம கண்மாயில விடியக்காலைல மீன் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும் டீச்சர். வெயில் ஏறினா உள்ள போயிரும்." என் விளக்கத்தைவிட அவன் கண்டது சிறந்த சான்று.

இது முதற்கட்டம். பெரிய இழப்பு அடுத்த கட்டத்தில் வருகிறது. பெருகிய கூட்டம் ஊட்டம் தீர்ந்து ஒரே சமயத்தில் சாகும். இறந்த உடல்களைப் பாக்டீரியாக்கள் மட்கவைக்கும். அதற்கு ஏராளமான ஆக்சிஜன் வேண்டும். மேலே அடர்ந்த படலம் ஒளியையும் மறைத்துவிடுவதால் அடியில் ஒளிச்சேர்க்கையும் நின்றுபோகும். நாக்டிலூகா தன் உடலில் அம்மோனியாவைச் சேர்த்து வைத்து நீரில் வெளியிடுவதும் மீன்களுக்குக் கேடு. கொழகொழப்பான அதன் கூட்டம் செவுள்களையும் அடைக்கிறது.

இரண்டாவது கேள்வி: வறண்ட ஆறும் பச்சைக் கடலும்

எங்கள் பகுதிக்கு மழை தருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை. அர்ச்சுனா நதியிலும் வைப்பாற்றிலும் வெள்ளம் ஓடுவது அக்டோபருக்குப் பின்தான். பச்சைக் கடலோ செப்டம்பரில் வந்தது. வைப்பாற்றின் முகத்துவாரத்திலிருந்து மண்டபம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆகவே அந்தச் செப்டம்பர் நிகழ்வுக்கு எங்கள் ஊர் உரத்தை நேரடிக் காரணம் என்று சொல்லியிருக்கக் கூடாது. மாணவன் சரி, நான் தவறு.

அப்படியானால் காரணம் என்ன? பாசிப் பெருக்கத்துக்குப் பல பொருத்தங்கள் ஒரே சமயத்தில் கூடிவர வேண்டும்.

1. ஊட்டம். தழைச்சத்து, மணிச்சத்து இரண்டும் வேண்டும். டயட்டங்களுக்குச் சிலிகாவும் வேண்டும். இவை நிலத்திலிருந்து சாக்கடை, உரம், இறால் பண்ணைக் கழிவு வழியாக வரலாம். கடலின் ஆழத்திலிருந்தும் வரலாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கேரளக் கரையிலும் குமரிமுனையை ஒட்டியும் மேல்நீர் விலகி, சத்து நிறைந்த குளிர்ந்த அடிநீர் மேலெழுகிறது. அக்காலத்தில் கடல் நீரோட்டமும் குமரியைச் சுற்றிக் கிழக்கு நோக்கி வருகிறது. மனிதர் கை படாமலே கடலுக்குக் கிடைக்கும் உரம் இது.

2. ஒளி, வெப்பம், அமைதி. பருவக்காற்று ஓய்ந்து கடல் அமைதியாகும்போது மேல்நீர் சூடேறி அடிநீரோடு கலக்காமல் தனி அடுக்காக நிற்கும். மிதக்கும் உயிர்களுக்கு அது ஏற்ற இடம். 2008, 2019 ஆகிய இரு நிகழ்வுகளும் தென்மேற்குப் பருவம் முடியும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வந்தன என்பதை மாணவர்களிடம் காட்டிக் காரணத்தைக் கேட்கலாம்.

3. கடலின் வடிவம். திறந்த கடலில் பெருக்கம் கலைந்து போகும். வளைகுடாவிலும் தீவுகளுக்கு உட்புறமும் ஆழம் குறைவு. நீர் மாறுவது மெதுவாக நடக்கும். தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகளைக் கொண்டது மன்னார் வளைகுடா. அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற நீரில் சேர்ந்தது எளிதில் வெளியேறாது.

4. உணவுச் சங்கிலி. முதலில் டயட்டம் பெருகும். அதைத் தின்று நாக்டிலூகா பெருகும். அதைத் தின்று கட்டுப்படுத்தும் உயிர்கள் போதிய அளவில் இல்லையென்றால் பெருக்கம் தடையின்றி நடக்கும்.

5. விதை. தீங்கு தரும் பல இனங்கள் கடினமான உறைக்குள் உறங்கி, அடிச்சேற்றில் நெடுங்காலம் காத்திருக்கும். கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நீரிலும் இவை ஒரு கடலிலிருந்து மற்றொரு கடலுக்குப் பயணம் செய்கின்றன. அந்நீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை 2004-இல் உருவாகி 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இந்த ஐந்தில் எது எந்த அளவு என்பது இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். கரும்பலகையில் நேர்கோடு வரைந்த நான் இப்போது நடுவில் ஒரு வட்டம் போட்டு, ஐந்து பக்கங்களிலிருந்தும் அம்புக்குறி வரைகிறேன்.

அப்படியானால் உரத்துக்கும் கடலுக்கும் தொடர்பே இல்லையா?

இந்தக் கேள்வியும் வகுப்பில் வந்தது. வர வேண்டிய கேள்விதான். ஒரே காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால் அது ஒருநாள் பொய்த்துப்போகும்போது, அதிலுள்ள உண்மையையும் சேர்த்தே பிள்ளைகள் கைவிட்டுவிடுவார்கள். தொடர்பு உண்டு. அதற்குத் தெளிவான சான்று ஜப்பானின் செட்டோ உள்நாட்டுக் கடல்.

தீவுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்தக் கடலைச் சுற்றி 1960-களில் ஆலைகளும் நகரங்களும் பெருகின. 1972-இல் சாட்டோனெல்லா என்னும் நுண்ணுயிரி பெருகி 1 கோடியே 40 லட்சம் வளர்ப்பு மீன்கள் மடிந்தன. மறு ஆண்டே அந்தக் கடலுக்கென்று தனிச்சட்டம் வந்தது. ஆலைக் கழிவைப் பெருமளவு குறைத்தார்கள். பின்னர் மணிச்சத்தையும் கட்டுப்படுத்தினார்கள். 1976-இல் 299 முறை பதிவான செங்கடல் நிகழ்வுகள் படிப்படியாகக் குறைந்து ஆண்டுக்கு 100 அளவுக்கு வந்தன. அந்தக் கடலின் வடிவமோ வெயிலோ மாறிவிடவில்லை. நிலத்திலிருந்து போன சத்துதான் குறைந்தது.

கதை அங்கே முடியவில்லை. சத்து மிகவும் குறைந்துபோய், அங்கு வளர்க்கப்படும் நோரி என்னும் உணவுப் பாசி நிறம் மங்கியது. தேவையான இடங்களில் சத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ள 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சத்து நஞ்சன்று, அளவுதான் கேள்வி. இதை விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள். தழைச்சத்து கூடினால் நெல் சாயும், பூச்சி கூடும் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

ஒரு கணக்கு

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இந்தக் கணக்கைக் கொடுக்கிறேன்.

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் தழைச்சத்து 46 விழுக்காடு, அதாவது 20.7 கிலோ. நெல் வயலில் இடும் தழைச்சத்தில் பாதிக்கும் குறைவாகவே பயிர் எடுத்துக்கொள்கிறது. மீதியில் ஒரு பகுதி காற்றில் போகும். ஒரு பகுதி மண்ணில் தங்கும். ஒரு பகுதி நீரோடு போகும். எளிமைக்காக 10 கிலோ நீரில் சேர்ந்து முழுவதும் பாசியின் உடலாக மாறியது என்று வைத்துக்கொள்வோம்.

மிதக்கும் நுண்ணுயிரிகளின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் சராசரியாக 106 : 16 : 1 என்னும் விகிதத்தில் இருப்பதை அமெரிக்கக் கடலியலாளர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் காட்டினார். இந்த விகிதப்படி, 1 கிலோ நைட்ரஜனைக் கொண்டு வளர்ந்த பாசி முழுவதும் மட்குவதற்குச் சுமார் 20 கிலோ ஆக்சிஜன் தேவை. 10 கிலோவுக்கு 200 கிலோ, அதாவது 2,00,000 கிராம். ஆயிரம் லிட்டர் கடல்நீரில் இருப்பது 6 கிராம். 2,00,000-ஐ 6-ஆல் வகுத்தால் 33,333 ஆயிரம் லிட்டர். 3 கோடியே 33 லட்சம் லிட்டர் நீரின் ஆக்சிஜன்!

உண்மையில் காற்றிலிருந்து ஆக்சிஜன் கரைந்துகொண்டே இருப்பதால் இவ்வளவும் தீர்ந்துவிடாது. இது மேல்வரம்பைக் காட்டும் கணக்கு மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த எந்த ஊகங்களை வைத்து இந்த விடை வந்தது என்று மாணவர்களையே பட்டியலிடச் சொல்லலாம். கணக்கைவிட அந்தப் பட்டியல் முக்கியம்.

வகுப்பறையில் செய்து பார்க்க

கடல் பார்க்காத பிள்ளைகளுக்கும் கண்மாய் உண்டு. 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை இச்செயல்பாட்டைச் செய்யலாம்.

ஒரு லிட்டர் கொள்ளும் நிறமற்ற நான்கு பாட்டில்களில் கண்மாய் நீரை நிரப்புங்கள். முதலாவதில் எதையும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் யூரியா ஐந்து குருணை. மூன்றாவதில் டி.ஏ.பி. ஒரு குருணை. நான்காவதிலும் டி.ஏ.பி. ஒரு குருணை, ஆனால் கறுப்புத் துணியால் முழுவதும் மூடிவிடுங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டி, வெளிச்சம் படும் சன்னலருகே இரண்டு வாரம் வையுங்கள். நாள்தோறும் பாட்டிலுக்குப் பின்னால் அச்செழுத்துத் தாளைப் பிடித்து, எழுத்து தெரிகிறதா என்று குறிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் வகுப்பில் டி.ஏ.பி. இட்ட பாட்டில்தான் அதிகம் பச்சையானது. நன்னீரில் பெரும்பாலும் மணிச்சத்துக்குத்தான் தட்டுப்பாடு; கடலில் பெரும்பாலும் தழைச்சத்துக்கு. எது குறைவோ அதைச் சேர்த்தால்தான் பெருக்கம் வரும் என்பது இதனால் விளங்கும். மூடி வைத்த பாட்டில், சத்து மட்டும் போதாது, ஒளியும் வேண்டும் என்று காட்டும். உங்கள் கண்மாய் நீரில் முடிவு வேறாக வந்தால் மறைக்க வேண்டாம். காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.

பச்சையான பாட்டிலின் பி.எச். அளவைக் காலை 7 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் தாள் கொண்டு பாருங்கள். பகலில் பாசி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் பிற்பகலில் அளவு உயரும்; இரவுச் சுவாசத்தால் காலையில் குறையும். ஆக்சிஜனை அளக்கும் கருவி இல்லாமலே முதல் கேள்விக்கான விடையைக் கண்ணால் காணலாம்.

நீரை ஆசிரியரே எடுத்து வர வேண்டும். பிள்ளைகளைக் கண்மாய்க்குத் தனியே அனுப்பக் கூடாது. முடிந்ததும் பாட்டில் நீரைச் செடிக்கு ஊற்றுங்கள். சாக்கடையில் கொட்ட வேண்டாம்.

மறக்காமல் சொல்ல வேண்டியவை

நாக்டிலூகா நஞ்சு சுரப்பதில்லை. ஆனால் நஞ்சு சுரக்கும் இனங்களும் உண்டு. அவற்றை வடிகட்டி உண்ணும் சிப்பிகளின் உடலில் நஞ்சு சேர்கிறது. சமைத்தாலும் அது அழிவதில்லை. 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் அப்படிப்பட்ட சிப்பியை உண்டு 7 பேர் இறந்தனர். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கடலோரப் பள்ளி ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: நீர் நிறம் மாறியிருக்கும் நாட்களில் சிப்பி எடுக்கவோ உண்ணவோ கூடாது; கரை ஒதுங்கிய மீனையும் எடுக்கக் கூடாது.

எங்களைப் போன்ற உள்நாட்டு ஊர்களில், கோடையில் கண்மாய் நீர்மேல் பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் படரும் நீலப்பசும் பாசி சில நேரங்களில் நஞ்சாகும். அந்த நீரில் குளிப்பதும் ஆடு மாடுகளுக்குக் காட்டுவதும் ஆபத்து.

ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் வழியே கடலின் நிறத்தைக் கண்காணித்துப் பாசிப் பெருக்கத் தகவல்களை வெளியிடுகிறது. வசதியுள்ள பள்ளிகளில் அதைத் திரையில் காட்டலாம்.

இப்போது இந்தப் பாடத்தை நான் ஒரு படத்தோடும், கரும்பலகையில் ஒரே கேள்வியோடும் தொடங்குகிறேன்: "இதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?" பிள்ளைகள் சொல்வதையெல்லாம் எழுதிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் சான்று என்ன என்று கேட்கிறேன். அன்று கேள்வி கேட்ட மாணவன் பள்ளிப்படிப்பை முடித்துப் போய்விட்டான். "ஆத்துல தண்ணியே இல்லையே டீச்சர்" என்ற அவன் கேள்வியை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்லிவிட்டுத்தான் வரைபடத்தை விரிக்கிறேன்.